லோறன்ஸ் கற்ற ஏடு

லோறன்ஸ் என்றதும் இலக்கிய அன்பர் நெஞ்சில் ஆங்கில நாவலாசிரியர் ஒருவரே தோன்றுவார். நான் ஈண்டுக் கூறப் புகுந்தது அவரையன்று. தம் உடலையே ஏடாக விரித்து நீரிழிவைக் கற்றுணர்ந்த வைத்தியர் றொபேட் டானியல் லோறன்ஸ் அவர்களையே.

1892ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரிற் பிறந்த இவர், மருத்துவம் பயின்று இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையிற் பணியேற்றார். 1920இல் அறுவைப் பயிற்சியின்போது உளிபட்டுத் தெறித்த எலும்புத் துணுக்கொன்று அவர் கண்ணைத் தாக்கியது. அதற்குச் சிகிச்சை பெறுங்காலத்தில், இன்று முதலாம் வகை என வழங்கும் நீரிழிவு அவரைப் பற்றியிருத்தல் தெரியவந்தது. சதையி இன்சுலினைச் சுரக்காதொழியும் இந்நோய்க்கு அன்று மருந்தில்லை. பட்டினியை ஒத்த பத்தியத்தால் மரணத்தைச் சிறிது தள்ளிவைக்கலாம், அவ்வளவே. வீட்டார் கண்முன் மெலிந்து மடிய மனமில்லாத அவ்விளைஞர், இத்தாலியின் புளோரன்ஸ் நகரை அடைந்து, அங்கே வைத்தியம் பார்த்தபடி தம் முடிவை எதிர்நோக்கியிருந்தார்.

இதற்கிடையில், 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அம்மருந்து இலண்டனுக்கு வந்து பயன் தருகிறதென்னும் தந்தி 1923 மே மாதத்தில் லோறன்ஸை எட்டியது. தளர்ந்த உடலோடு மோட்டார் வண்டியில் ஐரோப்பாவைக் கடந்து அவர் விரைந்தார். மே 31இல் முதல் ஊசி ஏறிற்று. அப்போது அவருக்கு வயது 30.

உயிர் மீண்டது, ஆயின், சோதனை அதன் பின்னரே தொடங்கிற்றென்பேன். இன்சுலின் குறைந்தால் இரத்தம் நஞ்சாகும். மிகுந்தால் மயக்கம் வீழ்த்தும். தனக்கு வேண்டிய அளவு எதுவென அறிய வீட்டிலிருந்த நோயாளிக்கு வாய்த்த கருவியோ, சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு கொதிக்கவைக்கும் பரிசோதனைக் குழாய். நீலம் நிலைத்தால் நலம். பச்சை, மஞ்சள், செங்கல் நிறமென மாறினால் சீனி மிகுதி. அதுவும் கழிந்துபோன மணிநேரங்களின் கதையையே சொல்லும்.

இக்குறைந்த வெளிச்சத்திலும் லோறன்ஸ் வழி கண்டார். 1925இல் நோயாளரும் விளங்கிக்கொள்ளத்தக்க நூலொன்றை எழுதினார். உணவைக் கறுப்பு, சிவப்பு என இருவகைப் பங்குகளாக வகுத்தார். 10 கிராம் மாப்பொருள் ஒரு கறுப்புப் பங்கு. அவ்வளவுக்குள் விரும்பியதை மாற்றியுண்ணும் உரிமை நோயாளிக்குக் கிட்டியது. உடலுழைப்பு இன்சுலினின் ஆற்றலைக் கூட்டுவதை ஆராய்ந்து 1926இல் வெளியிட்டார். நோயின் பெயர் ஒன்றாயினும் உடல்கள் வேறு. ஒரே உடலுக்கும் நாட்கள் வேறு. அவர் வாழ்வு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

குளுக்கோசை ஒரு நொதியத்தின் துணையால் மின்முனையில் அளக்கும் வழியை 1962இல் கிளார்க், லயன்ஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்டனர். 1968இல் லோறன்ஸ் மறைந்தார். இன்சுலினின் துணையோடு அவர் வாழ்ந்தவை 45 ஆண்டுகள்! அம்மின்முனையின் வழிவந்த உணரி இன்று தோலின் கீழ் அமர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 288 தடவை அளவு கூறுகிறது. அவ்வளவை நோக்கித் தானே இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் கருவிக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. குழாயின் நிறத்தில் லோறன்ஸ் தேடிய விடை, இன்று ஒவ்வொருவர்க்கும் உரிய எண்ணாக வருகிறது.

எல்லோர்க்கும் வருகிறதா? இவ்வினாவிலேயே என் மனம் தங்கிவிடுகிறது. லோறன்ஸிடம் சிகிச்சை பெற்றவர்களுள் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஒருவர். செல்வர் வறியர் என்ற பேதமின்றி நீரிழிவாளர் ஒருவருக்கொருவர் துணைநிற்க, இருவரும் 1934இல் ஒரு சங்கம் அமைத்தனர். உணரியின் விலை வறியவர் கைக்கு எட்டாதிருக்கும்வரை, அவர்கள் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதாக நான் கொள்ளேன்.