வில்லியம் மெக்கோம்பி: கறுப்பு மாடுகளுக்கு வம்சாவளி தந்தவர்

கன்சாஸ் மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்கள் இருபுறமும் மேயும் கறுப்பு மாடுகளைப் பார்த்திருப்பார்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு, தலையில் கொம்பு கிடையாது. நம்மூரில் மோழை என்போமே, அந்த ரகம். ஆங்கஸ் என்று பெயர். பல பண்ணைகளின் வாசல் பலகையில் குடும்பப் பெயரும், அதன் கீழே பதிவு பெற்ற ஆங்கஸ் மாடுகள் என்ற அறிவிப்பும் இருக்கும். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று நான்கு தலைமுறையாக இதையே செய்கிற குடும்பங்கள். அலுவலகத்தில் தரவுத்தளங்களோடு மாரடிக்கிறவன் என்பதால் அந்தப் 'பதிவு' என்ற சொல் என்னை இழுத்தது. மாட்டுக்கு எதற்குப் பதிவு, யார் ஆரம்பித்தது என்று தேடிப்போனால் ஸ்காட்லாந்தில் போய் நின்றது. அங்கே கிடைத்தவர்தான் வில்லியம் மெக்கோம்பி.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன்ஷயரில், ஆல்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள டில்லிஃபோர் பண்ணைதான் அவருடைய இடம். பிறந்தது 1805-ல். அப்பா பெரிய மாட்டு வியாபாரி. அந்தக் காலத்து மாட்டு வியாபாரம் என்றால் நடைதான். வடக்கே மெலிந்த மாடுகளை வாங்கி, மந்தை மந்தையாக ஃபால்கர்க் சந்தைக்கு ஓட்டி வருவார்கள். அங்கிருந்து அவை இன்னும் தெற்கே இங்கிலாந்துக்கு நடக்கும். கல் பாதையில் குளம்பு தேயாமல் இருக்க லாடம் அடிப்பதும் உண்டு. கொழுக்க வைத்து லாபம் பார்ப்பது இங்கிலாந்து விவசாயி. தன் பிள்ளை இந்த அலைச்சலுக்கு வரவேண்டாம் என்று நினைத்த அப்பா அவரைக் கல்லூரிக்கு அனுப்பினார். பிள்ளைக்கோ மனசெல்லாம் மாட்டின் மேல். படிப்பை விட்டுவிட்டுச் சந்தைக்கே வந்து சேர்ந்தார்.

அவர் வளர வளரத் தொழிலும் மாறியது. டர்னிப் கிழங்கு சாகுபடி பரவியதால் குளிர்காலத்திலும் தொழுவத்தில் கட்டிப்போட்டு மாட்டைக் கொழுக்க வைக்க முடிந்தது. நீராவிக் கப்பலும் பின்னால் ரயிலும் வந்தன. கொழுத்த மாடு இனி லண்டனுக்கு நடக்க வேண்டாம், ஏற்றி அனுப்பலாம். லாபம் அபர்டீன்ஷயரிலேயே தங்க ஆரம்பித்தது.

இந்த லாபமே கறுப்பு மாட்டுக்கு ஆபத்தாகவும் வந்தது. இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் காளையோடு உள்ளூர்க் கறுப்புப் பசுவைச் சேர்த்தால் பிறக்கும் கலப்புக் கன்று சீக்கிரம் எடை போடும். எல்லோரும் அதையே செய்தார்கள். ஆனால் தூய கறுப்புப் பசு இருக்கும் வரைதான் அந்த முதல் கலப்பு கிடைக்கும். எல்லோரும் கலந்துகொண்டே போனால் ஒருநாள் கலப்பதற்கே அசல் இருக்காது. விதைநெல்லைக் குத்தித் தின்கிற கதைதான். மெக்கோம்பிக்கு இது புரிந்திருந்தது. அவரும் கலப்பு மாடுகளை விற்றவர்தான். ஆனாலும் தூய மந்தை ஒன்றைத் தனியாகக் காப்பாற்றினார்.

அவருக்கு முன்பே ஆங்கஸ் பகுதியில், கெய்லர் என்ற இடத்தில், ஹ்யூ வாட்சன் என்பவர் இதே வேலையைத் தொடங்கியிருந்தார். அவரிடம் ஓல்ட் கிரானி என்ற பசு இருந்தது. 1824-ல் பிறந்தது. 29 கன்றுகள் போட்டு, 1859-ல் இடி விழுந்து செத்தது. முப்பத்தைந்து வயது வரை ஒரு பசு வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா?

மெக்கோம்பியின் பெரிய திருப்பம் 1844-ல் வந்தது. ஆர்டோவி என்ற பண்ணையின் ஏலத்தில் குவீன் மதர் என்ற கிடாரியையும், மோனார்க் என்ற காளையையும் வாங்கினார். இரண்டுக்கும் தகப்பன் ஒன்றே, பான்மியூர் என்ற காளை. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்ததில் லோலா மான்டெஸ் பிறந்தது. லோலா மான்டெஸின் மகள் சார்லட். சார்லட்டின் மகள் பிரைட் ஆஃப் அபர்டீன். இப்படி நெருங்கிய இரத்தத்தில் சேர்ப்பது கத்திமேல் நடப்பது போல. நல்ல குணம் நிலைக்கும், மறைந்திருக்கும் குறையும் சேர்ந்து நிலைக்கும். எது எதன் பிள்ளை என்று துல்லியமாகத் தெரியாமல் இந்த வேலையில் இறங்க முடியாது.

எங்கள் பாட்டி தொழுவத்திலிருந்த ஒவ்வொரு மாட்டுக்கும் மூன்று தலைமுறைத் தாய்வழி சொல்வார். எங்கும் எழுதி வைக்கவில்லை. பாட்டியோடு அது போயிற்று. ஸ்காட்லாந்திலும் கிட்டத்தட்ட அதே கதி நேர இருந்தது. வம்சாவளிப் புத்தகத்துக்காகச் சேர்த்த குறிப்புகள் 1851-ல் எடின்பரோவில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயின. மறுபடி திரட்டி, 1862-ல் எட்வர்ட் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் முதல் தொகுதியை வெளியிட்டார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எண், தாய், தகப்பன், வளர்த்தவர் பெயர். பசுக்களில் ஓல்ட் கிரானி 1, குவீன் மதர் 348, சார்லட் 203, பிரைட் ஆஃப் அபர்டீன் 581. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு வரியும் இரண்டு பெற்றோர் வரிகளைச் சுட்டுகிற அட்டவணை. மாட்டுக் குடும்பங்களைத் தாய்வழியில் எண்ணுவது இந்த இனத்தின் வழக்கம்.

1865 கோடையில் வெக்கை நோய் லண்டனில் நுழைந்து பிரிட்டன் முழுக்கப் பரவியது. அபர்டீன்ஷயர் விவசாயிகள் அரசுச் சட்டத்துக்குக் காத்திராமல் சங்கம் அமைத்து, தங்களுக்குள் பணம் வசூலித்து, நோய் கண்ட மந்தைகளை வெட்டிப் புதைத்து இழப்பீடு கொடுத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் மெக்கோம்பியும் ஒருவர். கட்டாயமாகக் கொல்லும் சட்டத்தை அரசு 1866-ல்தான் கொண்டுவந்தது. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011-ல்.

1867-ல் அவர் வளர்த்த பிளாக் பிரின்ஸ் என்ற எருது பர்மிங்ஹாம் கண்காட்சியிலும் லண்டன் ஸ்மித்ஃபீல்டிலும் முதலிடம் பெற்றது. அதை விக்டோரியா அரசி வின்ட்சருக்கு வரவழைத்துப் பார்த்தார். டில்லிஃபோருக்கும் ஒருமுறை வந்துபோனார். அதே ஆண்டில் மெக்கோம்பி தன் அனுபவங்களை மாடுகள், மாடு வளர்ப்போர் பற்றிய ஒரு நூலாக வெளியிட்டார். 1868-ல் மேற்கு அபர்டீன்ஷயரிலிருந்து நாடாளுமன்றம் போனார். குத்தகை விவசாயி ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே போனது அதுவே முதல் தடவை. 1876 வரை உறுப்பினராக இருந்தார். குத்தகைக்கு உழுத டில்லிஃபோரை 1875-ல்தான் சொந்தமாக வாங்கினார். 1878 பாரிஸ் கண்காட்சியில், பிரான்சுக்கு வெளியிலிருந்து வந்த மந்தைகளில் சிறந்தது, இறைச்சிக்கான மந்தைகளில் சிறந்தது என இரண்டு பெரும்பரிசுகளும் அவருடைய கறுப்பு மாடுகளுக்கே கிடைத்தன.

1880 பிப்ரவரி 1-ம் தேதி இறந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை கிடையாது. அந்த ஆண்டே மந்தை ஏலத்தில் சிதறியது. பக்கத்து நாட்டார் கதை வேறு. 1860-ல் தொடங்கிய பேலின்டாலக் மந்தை இன்றும் மெக்ஃபர்சன்-கிராண்ட் குடும்பத்திடமே இருக்கிறது. அந்த மந்தையை வளர்த்த காளைகளில் ஒன்றான ட்ரோஜன், மெக்கோம்பியின் சார்லட் ஈன்றது. அவர் வீட்டுக்கு வாரிசு இல்லை. அவர் பசுக்களுக்கு இருந்தது, அது எழுத்தில் இருந்ததால் யார் கைக்குப் போனாலும் தொலையவில்லை.

அமெரிக்காவுக்கு இந்த இனம் வந்தது 1873-ல். ஜார்ஜ் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நான்கு காளைகளைக் கன்சாஸின் விக்டோரியாவுக்குக் கொண்டுவந்தார். 1878-க்கும் 1883-க்கும் இடையில் மட்டும் 1,200 மாடுகள் இறங்கின. 1883-ல் சிகாகோவில் சங்கம் தொடங்கியது. இப்போது மிசௌரியின் செயின்ட் ஜோசஃபில் இயங்குகிறது.

2008-ல் இந்தப் பதிவேட்டுக்குச் சோதனை வந்தது. சில ஆங்கஸ் கன்றுகள் மூட்டு முறுக்கி, முதுகு வளைந்து செத்துப் பிறந்தன. வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தபோது எல்லாம் புகழ்பெற்ற ஒரு காளையின் வழியில் போய் முட்டின. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை உருவாக்கினார்கள். பல குடும்பப் பண்ணைகள் தங்கள் விலைமதிப்புள்ள மாடுகளில் குறை இருப்பதைச் சோதித்துப் பதிவேட்டிலேயே எழுத வேண்டியிருந்தது. நஷ்டம்தான். ஆனால் கணக்கு நேர்மையாக இருந்ததால்தான் மூலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அடுத்த முறை அந்தப் பலகைகளைத் தாண்டிப் போகும்போது பாருங்கள். அதிலுள்ள குடும்பப் பெயர் மூன்று நான்கு தலைமுறையைச் சொல்லும். உள்ளே மேய்கிற பசுவின் சீட்டில் அதைவிட நீண்ட கணக்கு இருக்கும். அதில் ஒரு பொய் எழுதினால் பேரன் காலத்தில் வெளிவரும். அதனால்தான் தாத்தாக்கள் கவனமாக எழுதுகிறார்கள்.