வ.உ.சி. வழக்கு காட்டும் எல்லை

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் கப்பலும் செக்கும் நினைவுக்கு வருகின்றன. கப்பலோட்டியவரைச் செக்கிழுக்க வைத்தது அவருடைய மேடைப் பேச்சு. பேச்சுரிமையின் எல்லை குறித்து விவாதம் எழும்போதெல்லாம் நான் அவருடைய வழக்கையே எண்ணிப் பார்க்கிறேன்.

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்குரைஞரான அவர், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடி - கொழும்பு கடல்வழியில் ஆங்கிலேயரின் ஆதிக்கத்துக்குச் சவாலானார். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காக மேடை ஏறினார்கள். மார்ச் முதல் வாரத்தில் அப்போராட்டம் கூலி உயர்வுடன் முடிந்தது.

பின்னர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதைத் தொடர்ந்து, மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, நகராட்சி அலுவலகம் தீக்கிரையானது, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் மாண்டனர்.

இந்த வரிசை கவனத்துக்குரியது. அவர் மேடையில் நின்ற நாளில் அன்று, சிறைப்பட்ட மறுநாளே நகரம் எரிந்தது. ஆயினும் கைது செய்தவர்களிடம் எந்த நீதிமன்றமும் கணக்குக் கேட்கவில்லை. இராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை என நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்.

பேச்சுக்கு விளைவே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். மக்கள் மனத்தில் கனலை மூட்டியது அந்தப் பேச்சே. ஆனால், ஆட்சியின்மீது வெறுப்பை வளர்ப்பது வேறு. கலவரத்துக்கு ஏவுவது வேறு. அந்த வேறுபாட்டை 124ஏ பிரிவு காண மறுத்தது. வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கே அப்பிரிவு பொருந்தும் என்று 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார். அப்போது கம்பெனியும் இல்லை. வழக்குரைஞர் உரிமமும் இல்லை. 1936-இல் அவர் மறைந்தார். அவரைத் தண்டித்த பிரிவை உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்ததோ 2022-இல்தான்.

பொது அமைதியைக் காக்கும் பொறுப்பு பேசுபவருக்கு உண்டு. வாயை அடைப்பவருக்கும் அதே அளவு உண்டு. ஒருவரைப் பேசவிடுவதால் நேரக்கூடிய தீங்கை எடைபோடும் அரசு, அவரைப் பேசவிடாமல் தடுப்பதால் நேரக்கூடிய தீங்கையும் அதே தராசில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.