நாடக உரைக்கு உயிர் தந்த சம்பந்த முதலியார்



நீலகிரியில் எம் கிளென்மார்கன் போன்ற தேயிலைத் தோட்டத்துச் சிற்றூர்களிலும், இந்நாளில் விளக்கு ஏற்றியதும் தொலைக்காட்சி நாடகத்தின் முன் அமராத குடும்பம் அரிது. அந்நாடகங்களில் தாய் தாயைப் போலவும், வேலையாள் வேலையாளைப் போலவும் பேசக் கேட்டு மகிழ்கின்றோம். இஃது எளிதில் வாய்த்ததன்று. தமிழில் இதற்கு வழி வகுத்தோருள் தலையாயவர் பம்மல் சம்பந்த முதலியார் ஆவர்.

அவர் 1873-ஆம் ஆண்டு சென்னையில் விஜயரங்க முதலியாரின் புதல்வராய்ப் பிறந்தார். அக்காலத்து நாடகங்கள் பாட்டே பெரும்பகுதியாக விடியுமட்டும் நடந்தன. கோபமுற்றவனும் பாடினான், உயிர் விடுபவனும் பாடினான். நடிப்போரைக் கூத்தாடிகள் என்று உலகம் இகழ்ந்தது. மாணவராயிருந்த முதலியாருக்கும் தமிழ் நாடகத்தின்மேல் வெறுப்பே இருந்தது.

1891-இல் பல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாசாரியாரின் குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினர். கற்றோரும் கண்ணியமானோரும் மேடையேறி நடித்தது கண்டு முதலியாரின் உள்ளம் மாறிற்று. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள், தம் பதினெட்டாம் வயதில், நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். பின்னர் வழக்கறிஞராகிச் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்தார். ஆயினும் ஊராரின் ஏளனத்திற்கு அஞ்சி மேடையை விட்டாரல்லர்.

அவர் இயற்றிய நாடகங்கள் எண்பதுக்கு மேற்பட்டவை. அவற்றில் பாட்டைக் குறைத்து உரைநடைக்கு முதலிடம் தந்தார். மனோகரனில் அரசிளங்குமரன் தன் சினத்தை வசனத்தாலேயே வெளியிடுகின்றான். சபாபதியிலோ தலைவன் சொன்னதைச் சொல்லளவிலேயே கொண்டு இடர்ப்படும் வேலையாளின் பேச்சு, சென்னைத் தெருவில் கேட்கும் பேச்சாகவே அமைந்தது. அரசனுக்கு ஏற்ற மொழி வேறு, ஏவலாளுக்கு ஏற்ற மொழி வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1941-இல் சபாபதி திரைப்படமாக வந்தபோதும் மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

அவர் மேடையேறிய தொடக்க நாட்களில் ஒலிபெருக்கி கிடையாது. இயல்பாகவும் பேசவேண்டும், கடைசி வரிசையில் இருப்பவன் செவியிலும் அது விழவேண்டும். இரண்டையும் இசைத்தல் அரிய பயிற்சியாகும். இந்நாளிலோ ஒலிவாங்கி பெருமூச்சையும் பற்றிக்கொள்கிறது. ஆகவே உரத்த குரல் வேண்டுவதில்லை. ஆனால் பொய்யான சொல் ஒன்று வந்தாலும் உடனே வெளிப்பட்டுவிடும்.

நிற்க. இவ்வுண்மையை யான் காலந்தாழ்த்தே கற்றேன். எம் பள்ளி விழாவிற்கு ஒரு சிறு நாடகம் எழுதினேன். கொழுந்து பறிக்கும் தாயாக நடித்த சிறுமி, வீட்டில் தன் தாய் பேசுமாறே பேசினாள். யானோ புலவனென்னும் செருக்கால் அவள் வாய்மொழியைத் திருத்திச் செந்தமிழாக்கினேன். விழா நாளன்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து நேரே வந்திருந்த தாய்மார், யாரோ அயலாரின் கதையைக் கேட்பார்போல் வாளா இருந்தனர். மறு ஆண்டு அதே நாடகத்தை அவள் பேச்சிலேயே விட்டேன். முதல் வாக்கியத்திலேயே அவையில் நகை எழுந்தது. இறுதியில் முந்தானைகள் கண்ணைத் துடைத்தன. இலக்கணம் பிழைத்ததென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதலியார் 1959-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-இல் இயற்கை எய்தினார். சென்னையில் தொலைக்காட்சி தோன்றியது அதற்குப் பதினோராண்டு கழித்து, 1975-இல். தாம் விதைத்தது இல்லந்தோறும் விளைந்ததை அவர் கண்டிலர்.

நம் சங்கத்து இளைஞர் நாடகமோ தொடரோ எழுதப் புகுவாராயின், தம் இல்லத்துப் பெரியோர் பேசுவதை முதற்கண் செவி சாய்த்துக் கேட்பாராக. அப்பேச்சை இழிவென்று ஒதுக்குவோர் அதனைப் பேசுவோரையும் ஒதுக்கியவராவர்.