ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவரவியலாளரும் ஆவார். மில்லிமீட்டர் அலைகளை உருவாக்கி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்திற்குப் பின்னர், இவ்வலைகள் ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் பயன்பாட்டுக்கு வந்தன.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் தற்போதைய வங்காளதேசப் பகுதியில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. மகன் முதலில் தாய்மொழியில் கல்வி கற்க வேண்டும் எனக் கருதி, அவரை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். கொல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பயின்ற பின், போஸ் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1885இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியப் பேராசிரியர்களின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே இவருக்கு வழங்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த போஸ், மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். இறுதியில் அரசு முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது. 1887இல் அபலா தாஸ் என்பவரை மணந்தார். அபலா சென்னையில் மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் நிறுத்தியவர்; பிற்காலத்தில் பெண்கல்விக்காக உழைத்தார்.

நுண்ணலை ஆய்வுகள்

கல்லூரியின் சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் துணையுடன் போஸ் தம் கருவிகளைச் செய்தார். ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை; அவற்றின் ஒளியொத்த பண்புகளை ஆராயப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் அலைநீளத்தை ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகக் குறைத்தார். இது 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குச் சமம். கொம்பு வடிவ அலைவாங்கி, அலைவழிகாட்டி ஆகியவற்றின் முன்னோடி வடிவங்களை இவர் பயன்படுத்தினார். முறுக்கிய சணல் இழைகளைக் கொண்டு அலைகளின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றியும் காட்டினார். 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், இடையிலிருந்த சுவர்களைக் கடந்து சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவ்வாய்வுகளை விளக்கினார்.

காப்புரிமை

அறிவியல் கண்டுபிடிப்புகளால் பொருளீட்டுவதை போஸ் விரும்பவில்லை. 1901இல் தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் காப்புரிமைக்காக அணுகியபோது மறுத்துவிட்டார். எனினும் சாரா புல், சகோதரி நிவேதிதை ஆகியோரின் வற்புறுத்தலால், கலீனா படிகத்தாலான அலை உணரிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904இல் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்கான தொடக்ககாலக் காப்புரிமைகளுள் இது ஒன்றாகும். இவர் அதிலிருந்து வருவாய் தேடவில்லை. நெடுந்தொலைவுச் செய்திப் பரிமாற்றத்திற்கு நீண்ட அலைகளைப் பயன்படுத்திய மார்க்கோனி, 1909இல் பிரவுனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிற்காலம்

பின்னர் போஸ் தாவரங்களின் தூண்டல் துலங்கலை ஆராய்ந்தார். அவற்றின் மிகச் சிறிய வளர்ச்சியையும் அளக்கும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். 1917இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கிரிதியில் காலமானார்.

இன்றைய பயன்பாடு

மில்லிமீட்டர் அலைகள் மழை, இலை, சுவர் ஆகியவற்றால் எளிதில் வலுவிழப்பதால் நெடுந்தொலைவுத் தொடர்புக்கு ஏற்றவையல்ல. ஆயினும் இப்பட்டைகளில் அகன்ற அலைவரிசைகள் கிடைப்பதால், குறுகிய தொலைவில் பெருமளவு தரவை விரைவாக அனுப்ப இயலும். அலைவாங்கிகளும் மிகச் சிறியவையாக அமையும். இந்தியாவில் 2022இல் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்காக 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஏலம் விடப்பட்டது. போஸ் ஆராய்ந்த 60 கிகாஹெர்ட்ஸ் பகுதி, குறுந்தொலைவுக் கம்பியில்லா வலையமைப்புகளில் பயன்படுகிறது.