வெளிச்சம் களைக்குமா?
கிளாறுஸ் மண்ணின் விஞ்ஞானி பிரிட்ஸ் சுவிக்கி

கிளாறுஸ் எண்டால் எங்கட ஆக்களில் பலருக்கு மலையும் பனியும்தான் ஞாபகம் வரும். அந்தச் சின்ன மாநிலத்துக்காரர் ஒருவர், பிரபஞ்சம் விரிகிறது என்ற கதை புதிதாகப் பிறந்த நேரத்திலேயே, இதை நான் இலேசில் நம்பமாட்டேன் என்று நின்றார். அவர்தான் பிரிட்ஸ் சுவிக்கி. சுவிசில் வளரும் எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஐன்ஸ்ரைனைப் படிக்கிறார்கள். சுவிக்கியையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் பிறந்தது சுவிசில் அல்ல. 1898 பெப்ரவரி 14ஆம் திகதி பல்கேரியாவின் வார்ணா துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். தகப்பன் கிளாறுசிலிருந்து போன வியாபாரி. தாய் செக் இனத்தவர். ஆறு வயதில் மகனைக் கிளாறுசில் இருந்த அப்பப்பா, அப்பம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள், வியாபாரம் படிக்கட்டும் என்று. பொடியனுக்கோ கணக்கிலும் பௌதிகத்திலும்தான் விருப்பம். சூரிச் ஈ.ரி.எச்.சில் படித்து 1922இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1925இல் கலிபோர்னியா போய், பசடீனாவில் உள்ள தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அதன்பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்தும், சுவிஸ் கடவுச்சீட்டை மட்டும் அவர் கைவிடவில்லை. இதன் விலை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1929இல் எட்வின் ஹபிள் ஒரு கணக்கை வெளியிட்டார். தூரத்து நட்சத்திர மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு தூரமோ அவ்வளவு நகர்வு. எங்களைக் கடந்து போகும் அம்புலன்சின் சத்தம் தடித்துக் கேட்பதுபோல, விலகிப் போகும் பொருளின் ஒளி சிவக்கும். அப்படியானால் எல்லா மண்டலங்களும் விலகிப் போகின்றன, பிரபஞ்சம் விரிகிறது. இதுதான் பலர் எடுத்த முடிவு.

சுவிக்கி அதே வருஷம் வேறொரு கட்டுரை எழுதினார். மண்டலங்கள் ஓடவே தேவையில்லை, கோடிக்கணக்கான வருஷம் பயணம் செய்யும் ஒளி வழியில் இருக்கும் பொருள்களின் ஈர்ப்பினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழந்து சிவக்கலாம் என்பது அவர் வாதம். களைத்த ஒளி என்று பின்னர் இதற்குப் பெயர் வந்தது. இதைச் சும்மா பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒளி இலத்திரன்களில் மோதிச் சக்தி இழக்கிறதா என்பதையும் அவரே பார்த்தார். அப்படி மோதினால் ஒளி சிதறும், தூரத்துப் படங்கள் மங்கிக் கலங்கித் தெரியும், ஆனால் தெளிவாகத்தானே தெரிகின்றன என்று அந்த வழியை அவரே கைவிட்டார். ஹபிளும்கூட, விரிவுதான் உண்மை என்று அடித்துச் சொல்லப் பல வருஷம் தயங்கியவர்தான்.

இங்கே வாசகர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது, வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர்தான் எல்லை என்கிறார்கள். ஆனால் சுமார் 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள மண்டலங்கள் அதைவிட வேகமாக விலகுகின்றன என்றும் சொல்கிறார்களே, இதென்ன கூத்து? பணிஸ் மா பொங்கும்போது உள்ளே இருக்கும் முந்திரிகை வத்தல்களைப் பாருங்கள். வத்தல் மாவுக்குள் நடந்து போவதில்லை, இடையிலுள்ள மாதான் பெருக்கிறது. எல்லை என்பது வெளிக்குள் ஓடுகிற பொருளுக்கு, பெருக்கிற வெளிக்கு அல்ல.

1933இல் சுவிக்கி கோமா என்ற மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அங்கே ஒவ்வொரு மண்டலமும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடுகிறது. கயிறு அறுந்தால் சுழற்றிய கல் பறப்பதுபோல அவை எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பொருள் இழுத்து வைத்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். இதுதான் இன்று கரும்பொருள் எனப்படுவது. அவர் போட்ட அளவு மிகக் கூட, ஏனென்றால் அன்றைய தூரக் கணக்குகள் பிழை. ஆனாலும் விஷயம் சரி. அன்று ஒருத்தரும் காதில் போடவில்லை. 1970களில் வேரா ரூபினின் அளவீடுகள் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருஷம், வால்டர் பாடே என்பவரோடு சேர்ந்து, பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சாகும்போது நியூத்திரன் நட்சத்திரம் மிஞ்சும் என்றார். நியூத்திரன் கண்டுபிடித்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! 1967இல் ஜோசலின் பெல் துடிப்பு நட்சத்திரத்தைக் கண்டபோது அதுவும் மெய்யாயிற்று. அந்த வெடிப்புகளுக்குச் சூப்பர்நோவா என்ற பெயரைப் பரப்பியவர்களும் இவர்கள்தான். பலோமார் மலையில் 18 அங்குலத் தொலைகாட்டியோடு இரவிரவாக இருந்து, தன் வாழ்நாளில் 120 அளவில் சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

மனுசன் குணத்தில் சரியான முரடர். சக விஞ்ஞானிகளை முகத்துக்கு நேரே திட்டுவார். பாடே கடைசியில் இவருக்குப் பயந்தே ஒதுங்கினார். இவர் சொன்னது பல காலம் எடுபடாமல் போனதற்கு இந்த வாயும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, அழிந்துபோன நூலகங்களுக்காக விஞ்ஞானப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துச் சேர்த்துக் கட்டி அனுப்பினார். யுத்தத்தில் அனாதையான பிள்ளைகளுக்காகவும் உழைத்தார். புத்தகசாலை எரிந்தால் என்னவென்று எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரொக்கெற் ஆராய்ச்சிக்காக 1949இல் அமெரிக்க அரசு அவருக்குச் சுதந்திரப் பதக்கம் கொடுத்தது. பிறகு, குடியுரிமை எடுக்காதவர் என்பதால் அதே அரசு இரகசிய ஆராய்ச்சிக்கான அனுமதியைப் பறித்தது. அவர் அசையவில்லை. இரண்டு நாட்டுக்கு நடுவில் கடுதாசியோடு நிற்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது.

களைத்த ஒளிக்கு என்ன நடந்தது? அதை மடக்கியது அவருடைய சொந்தச் சூப்பர்நோவாக்கள்தான். ஒளி வெறுமனே களைத்துச் சிவந்தால், தூரத்து வெடிப்பும் பக்கத்து வெடிப்பைப்போல அதே நாள் கணக்கில் மங்க வேண்டும். பிரபஞ்சம் விரிந்தால் நாள் கணக்கும் நீள வேண்டும். ஒளியலை ஒன்றரை மடங்கு நீண்டிருந்தால், 20 நாளில் மங்குவது 30 நாள் எடுக்கும். 1990களில் அளந்து பார்த்தார்கள். நீண்டுதான் இருந்தது. 1998இல் அதே வகைச் சூப்பர்நோவாக்களை வைத்தே விரிவின் வேகம் கூடிக்கொண்டு போகிறது என்றும் கண்டார்கள். அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுவிக்கிக்கு நோபல் கிடைக்கவில்லை. 1972இல் பிரித்தானிய அரச வானியல் சங்கத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1974 பெப்ரவரி 8ஆம் திகதி பசடீனாவில் காலமானார். உடலைக் கிளாறுசுக்குக் கொண்டுவந்து மொலிஸ் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறவர்கள் நேபெல்ஸ்-மொலிஸ் ஸ்ரேசனில் இறங்கலாம்.