இங்கிலாந்துக்கே மிஷனரியான மதுரைப் பேராயர்

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நற்செய்தி சொல்ல நம் பக்கம் வந்தவர்கள் பலர். தமிழ்நாட்டில் ஊழியம் செய்து மூத்தபின் ஊர் திரும்பி, இனி மிஷனரி தேவைப்படுவது இங்கிலாந்துக்குத்தான் என்று கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் பேராயர் லெஸ்லி நியூபிகின்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் டாக்டர் சாமர்வெல்லின் பெயரை அறியாதவர் குறைவு. காரக்கோணம் மருத்துவக் கல்லூரியே அவர் பெயரில்தான் இருக்கிறது. நியூபிகினின் பெயர் அவ்வளவு பழக்கமில்லை. ஆயினும் 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, புதிய பேராயர்களில் அவரும் ஒருவர். இப்பகுதி எல்.எம்.எஸ். சபைகளும் அன்றுதான் அந்த ஒரே திருச்சபைக்குள் வந்தன. 1956-ல் மாநில எல்லை குறுக்கே விழுந்தது. 1959-ல் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. திருச்சபை மட்டும் களியக்காவிளைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் ஒன்றாகவே நீடிக்கிறது.

நியூபிகின் 1909 டிசம்பர் 8-ந் தேதி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை கப்பல் வணிகர். பள்ளியில் படிக்கும்போதே சிறுவயது பக்தி போய்விட்டது. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், 1929 கோடை விடுமுறையில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு உதவத் தெற்கு வேல்ஸ் சென்றார். அந்த மக்களின் துயரத்துக்குத் தன்னிடம் மருந்தேதும் இல்லை என்று உணர்ந்து உறக்கமின்றிக் கிடந்த இரவில், வானத்தையும் பூமியையும் இணைத்து நிற்கும் சிலுவை அவர் மனக்கண்ணில் தோன்றியது. அவர் வாழ்க்கை திசை மாறியது அங்கேதான்.

1936-ல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக மனைவி ஹெலனுடன் சென்னை வந்து, செங்கல்பட்டில் தமிழ் படிக்கத் தொடங்கினார். சில மாதங்களிலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து, சிகிச்சைக்குத் தாயகம் போகவேண்டியதாயிற்று. 1939-ல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் தங்கினார். தமிழில் தங்குதடையின்றிப் பிரசங்கம் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார்.

மடத்தில் கண்ட படம்

காஞ்சிபுரத்தில் வாரத்தில் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் வாசிப்பது அவர் வழக்கம். மடத்தின் கூடத்தில் உலகின் மகான்களுடைய படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் இயேசுவின் படமும் உண்டு. கிறிஸ்துமஸ் தினத்தில் அதற்கு வழிபாடும் நடக்கும். துறவிகள் மனமாரச் செய்த மரியாதை அது. நியூபிகின் மனதில் மட்டும் ஒரு கேள்வி எழுந்தது. ஏற்கெனவே கட்டி முடித்த கூடத்தில் இயேசுவுக்கு ஓர் இடம் ஒதுக்குவதும், அவருடைய அழைப்பைக் கேட்டுக் கூடத்தையே மாற்றிக் கட்டுவதும் ஒன்றாகுமா?

இதே கேள்வியைத் தன் சொந்த நாட்டைப் பார்த்துக் கேட்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1947-ல் மதுரை-ராமநாதபுரம் பேராயரானபோது வயது 37. கிராமம் கிராமமாகச் சபைகளைச் சந்தித்த காலம் அது. 1959-ல் உலக மிஷனரிப் பணிக்காகப் போனவர் 1965-ல் சென்னைப் பேராயராகத் திரும்பினார். 1974-ல் ஓய்வு பெற்றார்.

பஸ்ஸில் தாயகம்

ஓய்வு பெற்ற பேராயர் விமானம் ஏறவில்லை. மனைவியுடன், கையில் கொஞ்சம் மூட்டை முடிச்சோடு, ஆங்காங்கே கிடைத்த பஸ்களில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போனார். வழியில் ஞாயிறுதோறும் யாராவது கிறிஸ்தவர்களோடு சேர்ந்து ஆராதிக்க முடிந்தது. துருக்கியின் கப்பத்தோக்கியாவில் மட்டும் முடியவில்லை. நாலாம் நூற்றாண்டில் திருச்சபையின் பெரும் போதகர்கள் வாழ்ந்த மண் அது. அங்கே கணவனும் மனைவியும் தனியே ஜெபிக்கவேண்டி வந்தது. கிறிஸ்தவ தேசம் என்று பெயரெடுத்த இடத்தில் கிறிஸ்தவமே இல்லாமற்போகலாம் என்பதை அவர் நேரில் கண்டார்.

இங்கிலாந்தில் அவரை மிகவும் வருத்தியது, மக்களிடம் நம்பிக்கை வற்றியிருந்ததுதான். சென்னைச் சேரிகளில்கூட, பிள்ளைகளின் காலமாவது நன்றாக இருக்கும் என்ற எண்ணம் உயிரோடிருந்தது. வசதியான ஆங்கிலேயரிடம் அது இல்லை.

பிர்மிங்காமில் சில ஆண்டுகள் மிஷனரிகளுக்குப் பாடம் நடத்திய பின், 1980-ல், வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிறு சபையை மூட மேலிடம் யோசித்தபோது, தானே அதன் போதகரானார். வயது எழுபது. அப்பகுதியில் வீடு வீடாகப் போனபோது, இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளே அழைத்து உபசரித்தன. ஆங்கிலேயர் பலர் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எதிர்ப்பையாவது தாங்கலாம், இந்த அலட்சியத்தைத் தாங்குவது கடினம் என்பது அவர் அனுபவம். இந்தியாவில்கூட இவ்வளவு கடினமான ஊழியத்தை அவர் கண்டதில்லை.

ஏன் இந்த நிலை? 1983-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலிலும், 1986-லும் 1989-லும் வந்த பெரிய நூல்களிலும் அவர் விடை தேடினார். 18-ம் நூற்றாண்டு முதல் மேல்நாடு அறிவை இரண்டாகப் பிரித்துவிட்டது என்றார். விஞ்ஞானம் எல்லாருக்கும் பொதுவான உண்மை, கடவுளும் வாழ்வின் நோக்கமும் அவரவர் சொந்த விருப்பம் என்றாயிற்று. பள்ளிப் பிள்ளை உயிரணுவைப் பற்றித் தப்பாக எழுதினால் மார்க்கு போகும். மனிதனை எதற்காகக் கடவுள் படைத்தார் என்பதோ சிலருடைய கருத்து என்று ஒதுக்கப்படும். சபைகளும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டி, விசுவாசத்தை வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியதாக்கிவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. காஞ்சிபுரத்து மடத்தைப் போலவே மேல்நாடும் தன் கூடத்தின் ஒரு மூலையில் இயேசுவின் படத்தை மாட்டி வைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தானும் அந்தக் கூடத்தில் வளர்ந்தவன்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் விஞ்ஞானத்தின் விரோதியல்ல. உலகம் ஒழுங்குடையது என்று முதலில் நம்பிய பிறகே விஞ்ஞானியும் சோதனைக்கூடத்துக்குள் நுழைகிறார் என்று, வேதியியல் அறிஞரான மைக்கேல் போலன்யியின் சிந்தனையைத் துணைக்கொண்டு வாதாடினார். அரசாங்க பலத்தால் மதத்தை நிலைநாட்டும் பழைய காலத்துக்குத் திரும்பவும் அவர் விரும்பவில்லை. சுவிசேஷத்தை நம்பி அதன்படி வாழும் ஒரு சாதாரண சபைதான் உலகத்துக்குக் காட்டக்கூடிய சாட்சி என்றார்.

எல்லைக் கிராமத்து மக்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே வேதமும் இங்கிலீஷ் படிப்பும் ஆஸ்பத்திரியும் ஒரே பெட்டியில் வந்திறங்கின. திருவிதாங்கூரில் 1855-ல் அடிமைமுறை ஒழிந்ததிலும், 1859-ல் நாடார் பெண்கள் தோளை மறைக்க உரிமை பெற்றதிலும் மிஷனரிகளின் பங்கு பெரிது. அந்த மிஷனரிகள் பேசிய மனித சமத்துவத்தில் பைபிளுக்கும் பங்குண்டு, நியூபிகின் கேள்விக்குள்ளாக்கிய அதே மேல்நாட்டுப் புதுச் சிந்தனைக்கும் பங்குண்டு. இரண்டையும் நம் பாட்டன்மார் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. அச்சிந்தனையின் நன்மைகளை நியூபிகின் ஒப்புக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் தோள்சீலைக்காகப் போராடிய ஊரில் இருந்து பார்த்தால், அவர் கணக்கில் அதற்கு இன்னும் கொஞ்சம் வரவு வைத்திருக்கலாம் என்றே தோன்றும்.

இன்று இவ்வூர்ப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறார்கள். ஒரு காலத்தில் மிஷனரிகளை அனுப்பிய தேசத்தில் ஆலயங்கள் கடைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறியிருப்பதைப் பார்க்கிறார்கள். அங்கே பிறக்கும் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள் என்ற கவலை இங்குள்ள பாட்டிமாருக்கு இருக்கிறது. நியூபிகின் மல்லுக்கட்டிய கேள்வி இப்போது பாறசாலை வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண்பார்வை மங்கிப்போனது. மாணவர்கள் வந்து புத்தகங்களை உரக்க வாசிக்க, கேட்டுக்கொண்டிருப்பார். அப்போதும் சொற்பொழிவாற்றுவதை அவர் நிறுத்தவில்லை. 1998 ஜனவரி 30-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 88.