கடல் கடந்து கற்ற அண்ணல்

இந்திய அரசியலமைப்பின் வரைவுக்குழுத் தலைவராக விளங்கிய அண்ணல் டாக்டர் அம்பேத்கரை நம் மக்கள் யாவரும் அறிவர். நம் தெருக்களில் அவர் படம் இல்லாத வீடு அரிது. எனினும், அப்படத்தில் காணும் கோட்டும், கண்ணாடியும், கையிலுள்ள நூலும் எத்துணைத் துன்பங்களுக்கிடையே அவரை வந்தடைந்தன என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். ஆதலின், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அவர் மாணாக்கராய் வாழ்ந்த ஆண்டுகளை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் இராம்ஜி சக்பாலின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் பிற மாணவரினின்று விலகிக் கோணிப்பையின் மீது அமர்ந்து பயின்ற அச்சிறுவர், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டின் பி.ஏ. தேர்விலும் வெற்றி பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அத்துயரம் ஆறுமுன், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவில் உயர்கல்வி பெற மூன்றாண்டு உதவித்தொகை வழங்க முன்வந்தார். தொகை மாதம் 11½ பவுன்; படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1913 ஜூலைத் திங்களில் அவர் நியூயார்க்கு நகரை அடைந்தபோது வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் முதலில் தங்கினார். அங்குப் பரிமாறப்பட்ட உணவு அவருக்குச் சற்றும் ஒவ்வவில்லை. சில நாட்களிலேயே அதை விட்டு, இந்திய மாணவர் சிலர் வாழ்ந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதிக்குச் சென்றார். நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அங்கு அவருடன் தங்கினார். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. தாய்நாட்டில் குளத்து நீரைத் தொடவும் உரிமையற்றிருந்தவர், அங்கு அனைவரோடும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார். ஒரே வகுப்பில் சமமாக அமர்ந்தார். அச்சமத்துவம் அவருக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. நாள்தோறும் நுகர்ந்த வாழ்வு.

பட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் படித்து மீள அவர் எண்ணவில்லை. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4 எனப் பாடங்களைப் பயின்றார். செலிக்மன், ஜான் டூயி, கோல்டன்வைசர் முதலிய பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாய் வாய்த்தனர். ஊரிலிருந்த மனைவி இரமாபாய்க்கும் குடும்பத்துக்கும் உதவித்தொகையிலிருந்தே பணம் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே தம் செலவுகளைச் சுருக்கினார். மிஞ்சிய காசைப் பழைய புத்தகக் கடைகளில் செலவிட்டு ஏறக்குறைய 2,000 நூல்களைச் சேர்த்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் முறை பற்றிய ஆய்வுரையை வாசித்தார். தம்மை ஒடுக்கிய அமைப்பை அறிவின் கருவியால் அறுத்துப் பார்க்கும் ஆற்றலை அந்நிய மண் அவருக்கு அளித்தது.

அதே ஆண்டு இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. உலகப் போர் நடந்த காலமாதலால், அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த கப்பல் ஜெர்மானியரால் மூழ்கடிக்கப்பட்டது.

கடல் விழுங்கியதைவிடக் கொடிய இழப்பு கரையில் காத்திருந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்ற அவருக்குத் தங்க ஓர் அறை தருவார் இல்லை. அலுவலகக் கடைநிலை ஊழியரும் கோப்புகளைக் கையில் தராமல் மேசையில் வீசினர். பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய பார்சிகள் சூழ்ந்து வெளியேற்றினர். நியூயார்க்கில் ஓரறையில் உடனுறைந்த நண்பரும் பார்சியே. பரோடாவில் தடியுடன் வந்தோரும் பார்சிகளே. கற்றவனைக் கல்வி உயர்த்தும். ஆயின் அவன் திரும்பி வரும் ஊரை அது தானே மாற்றிவிடாது என்பதை அண்ணல் அன்று கண்டார்.

எனினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராய்ப் பணியாற்றிச் சேமித்த பொருளோடும், கோல்காப்பூர் சாகு மகாராசரின் உதவியோடும், நவல் பதேனா தந்த கடனோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கு வறுமை அவரை வாட்டியது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, இரவில் நண்பர் தந்த அப்பளம் என அரைவயிற்றோடு வாழ்ந்து, பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் பகலெல்லாம் பயின்றார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வைத் திருத்தித் தருமாறு தேர்வாளர் கேட்டனர். கைப்பொருள் தீர்ந்துபோக, 1923இல் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டத்தை ஈட்டினார். கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டம் 1927இல் வந்தது. அப்பல்கலைக்கழகமே 1952இல் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் சூட்டியது.

தாம் ஏறிய ஏணியை அவர் தமக்குப் பின் எடுத்துவிடவில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கென ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். அதனால் நம் இளைஞர் சிலர் அயல்நாடும் சென்றனர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் திறந்த கதவுகள் மூடவில்லை.

எம் பள்ளியில் நன்கு தேறி நகரக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுள் சிலர், விடுதிச் சூழலுக்கும் ஆங்கிலத்துக்கும் அஞ்சி முதல் ஆண்டிலேயே ஊர் திரும்பியதை நான் கண்டதுண்டு. அவர்களிடம் அறிவு குறையவில்லை. அருகில் ஒரு பதேனா இல்லாததே குறை. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்கு அழைத்து வந்துள்ளது. இனி, முன்னே சென்று பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும், புதிதாய்ச் செல்லும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ முதல் ஓராண்டு துணை நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை நலம் விசாரித்தாலும் போதும். முடிந்தவர் கட்டணத்துக்கும் உதவலாம். அண்ணலுக்கு நாம் எடுக்கும் விழாவில் இதனினும் சிறந்த மாலை வேறில்லை.